எமோஜி கார்னர்: 🚦 நிற்கச் சொல்லுதா, போகச் சொல்லுதா?

'எங்கே இருக்கே?' என்று வீட்டிலிருந்து வாட்ஸ்அப் மெசேஜ். பதிலாக ஒரே ஒரு 🚦 வருகிறது. சிக்னலில் நிற்கிறாரா, டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டாரா, இல்லை இப்போதுதான் கிளம்பினாரா? வீட்டில் இருப்பவர்தான் யூகிக்க வேண்டும்.

குழப்பத்துக்குக் காரணம் படத்திலேயே இருக்கிறது. நம் ஊர் சிக்னலில் ஒரு நேரத்தில் ஒரு விளக்குதான் எரியும். எமோஜியிலோ சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்றுமே பளிச்சென்று தெரியும். அதனால் அது 'நில்' என்றும் சொல்வதில்லை, 'போ' என்றும் சொல்வதில்லை. 'சிக்னல்' என்று மட்டும்தான் சொல்கிறது.

ஏன் இரண்டு சிக்னல்?

கீபோர்டில் தேடினால் படுத்திருக்கும் 🚥 சிக்னலும் கிடைக்கும். அது ஜப்பான் வாசனை! அங்கே பெரும்பாலான சாலைகளில் விளக்குகள் கிடைமட்டமாகத்தான் இருக்கும். பனி கொட்டும் வடபகுதிகளில் மட்டும், மேலே பனி சேராமல் இருக்க செங்குத்தாக வைக்கிறார்கள். 1999-ல் ஜப்பானின் டோகோமோ நிறுவனத்துக்காக ஷிகேடகா குரிடா உருவாக்கிய 176 எமோஜிகளிலேயே சிக்னலும் உண்டு. 2010-ல் யூனிகோட் 6.0 வந்தபோது 🚦, 🚥 இரண்டும் உலகப் பட்டியலில் சேர்ந்தன.

எதற்கு எதை அனுப்பலாம்?

* டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டால்: 🚦 மட்டும் போதாது. 'லேட் ஆகும் 🚦' என்று இரண்டு வார்த்தை சேர்த்தால் வீட்டில் நிம்மதி.
* 'வேண்டாம், நிறுத்து' என்று சொல்ல: 🛑. இது 2016-ல் வந்த ஸ்டாப் போர்டு. அர்த்தம் மாறவே மாறாது.
* 'எல்லாம் ஓகே, தொடரலாம்' என்று சொல்ல: 🟢. ஆபீஸ் குரூப்பில் வேலை நிலவரம் சொல்ல 🔴🟡🟢 மூன்றும் கைகொடுக்கும்.
* 'இந்த ஆள் சரியில்லை, உஷார்!' என்று தோழியை எச்சரிக்க: 🚩. ரீல்ஸ் கமென்ட்டில் குவியும் 'ரெட் ஃப்ளாக்' இதுதான். இதற்கு சிக்னலைப் போட்டால் யாருக்கும் புரியாது.

ஒரு விஷயம் முக்கியம்

வண்டி ஓட்டிக்கொண்டே கையில் போனை வைத்து டைப் செய்வது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. 'ஒரு எமோஜிதானே' என்று குனியும் அந்த இரண்டு நொடியில், 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 27 மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும்.

'கிளம்பறேன்' என்று வண்டியை எடுக்கும் முன்பே அனுப்பிவிடுங்கள். வழியில் பதில் வரவில்லை என்றால், வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று வீட்டிலும் புரிந்துகொள்ளலாம். சிக்னலை ரோட்டில் பார்த்தால் போதும்!