குழந்தைக் காப்பகத்திலிருந்து சட்டசபைக்கு!

"நல்லவர்களுக்கு அரசியல் எதற்கு?"

ஊருக்கு உழைத்த ஒருவர் தேர்தலுக்கு நிற்கப் போகிறார் என்றால் உடனே இந்தக் கேள்வி எழுகிறது. "பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தாரே, அதோடு இருக்கக் கூடாதா? ஆஸ்பத்திரிக்கு அலைந்து நாலு பேருக்கு உதவினாரே, அது போதாதா? ஓட்டுக் கேட்கிற வேலை இவருக்கு ஏன்?" என்கிறார்கள்.

கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. நல்ல மனிதர் சேற்றில் இறங்கி விடுவாரே என்ற கவலைதான். ஆனால் இந்தக் கவலையால் லாபம் யாருக்கு? நெல் விதைக்காத வயல் சும்மா கிடப்பதில்லை. களை முளைத்து விடுகிறது. நல்லவர் ஒதுங்கிக் கொண்ட நாற்காலியும் காலியாக இருப்பதில்லை. வேறு யாரோ வந்து உட்கார்ந்து விடுகிறார்.

"தொண்டு செய்தது போதும்" என்று நின்று விடாமல், "சட்டமும் செய்ய வேண்டும்" என்று துணிந்து புறப்பட்ட ஒரு பெண்மணியின் வரலாறு இந்தக் கேள்விக்குத் தக்க பதில். அவர் பெயர் ஷெர்லி சிஸம். கறுப்பு இனத்தவர். 1964-ம் ஆண்டு அமெரிக்காவில் நியூயார்க் மாநிலச் சட்டசபைத் தேர்தலுக்கு நின்றவர்.

பாட்டி வீட்டுப் படிப்பு

ஷெர்லி 1924-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி, நியூயார்க் நகரத்தின் ஒரு பகுதியான புருக்லினில் பிறந்தார். தந்தை தொழிற்சாலைத் தொழிலாளி. தாய் துணி தைப்பார். பிறர் வீடுகளில் வேலையும் செய்வார். இருவரும் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்கு வந்தவர்கள்.

சம்பாதிப்பது வாய்க்கும் வயிற்றுக்குமே சரியாக இருந்தது. ஆகவே, சின்னஞ்சிறு ஷெர்லியையும் தங்கைகளையும் பார்படோஸ் தீவில் இருந்த பாட்டியிடம் அனுப்பி விட்டார்கள். எழுத்தும் பேச்சும் அந்தத் தீவுப் பள்ளிக்கூடத்தில்தான் ஷெர்லிக்கு வந்தன. 1934-ல் அவர் புருக்லினுக்குத் திரும்பினார்.

1946-ல் புருக்லின் கல்லூரியில் பட்டம் பெற்றார். பட்டம் இருந்தும் வேலை எளிதில் கிடைக்கவில்லை. ஆள் மிகச் சிறியவர், ஒல்லியானவர். "இந்தப் பெண்ணா குழந்தைகளைச் சமாளிக்கும்?" என்று பல இடங்களில் தட்டிக் கழித்து விட்டார்கள். கடைசியில் ஒரு குழந்தைக் காப்பகத்தில் ஆசிரியைக்கு உதவியாளராக வேலை கிடைத்தது. பகலில் வேலை, இரவில் படிப்பு. குழந்தைக் கல்வியில் மேல் பட்டமும் பெற்றார்.

ஆசிரியை ஆனார். பிறகு நிர்வாகி ஆனார். 1953 முதல் 1959 வரை அவர் காப்பகங்களின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். ஒன்றில் மட்டும் 130 குழந்தைகள்! ஸ்பானிய மொழி பேசும் குழந்தைகளும் அவர்களில் நிறைய இருந்தார்கள். அவர்களோடு அவர்கள் மொழியிலேயே பேசினார் ஷெர்லி. 1959-ல் நகர அரசாங்கத்தின் காப்பக இலாகாவில் ஆலோசகர் பதவி கிடைத்தது.

நிரந்தர உத்தியோகம், நல்ல சம்பளம், ஊரில் மரியாதை எல்லாம் இருந்தன. அதோடு நின்றிருக்கலாம். ஏன் நிற்கவில்லை?

கை எட்டாத இடம்

காப்பகம் என்பது என்ன? வேலைக்குப் போகும் தாய் தன் பிள்ளையை நம்பி விட்டுச் செல்லும் இடம். பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம், பாட்டுச் சொல்லிக் கொடுக்கலாம், பகலில் தூங்க வைக்கலாம். இதையெல்லாம் நல்ல நிர்வாகி திறமையாகச் செய்து விடுவார்.

ஆனால், அந்தத் தாய்க்கு நாளைக்கு வேலை போய் விட்டால்? வீட்டு வேலை செய்யும் பெண்ணை, "இனி வர வேண்டாம்" என்று எஜமானி ஒரே வார்த்தையில் அனுப்பி விட்டால்? தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வேலை இழந்த காலத்தில் உதவிப் பணம் உண்டு. பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கு அது கிடையாது. சட்டத்தில் அவள் பெயர் இல்லை.

இங்கேதான் தொண்டின் கை எட்டாமல் போகிறது. ஒரு வேளைச் சோற்றை இரக்கம் கொடுக்கும். மறு வேளைச் சோற்றுக்கு உரிமை வேண்டும். உரிமை கொடுப்பது சட்டம். சட்டம் செய்யும் இடம் சட்டசபை.

வீட்டு வேலை செய்த தாயின் மகளுக்கு இதை வேறு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

சுருட்டுப் பெட்டிக்கு ஜிகினா!

ஷெர்லி திடீரென்று தேர்தலில் குதித்தவர் அல்ல. பல ஆண்டுகள் ஜனநாயகக் கட்சியின் உள்ளூர்ச் சங்கத்தில் உழைத்தவர்.

அந்தச் சங்கத்தில் பெண்களுக்கு என்ன வேலை தெரியுமா? கட்சிக்குப் பணம் திரட்டுவது! ஆண்டுதோறும் பரிசுச் சீட்டு நடத்துவார்கள். அதற்குச் சுருட்டுப் பெட்டிகளை அலங்காரம் செய்யும் வேலை ஷெர்லிக்குக் கிடைத்தது. காகிதமும் ஜிகினாவும் ஒட்டிப் பெட்டிகளை அழகாகச் செய்து கொடுத்தார். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "பணம் திரட்டுவது பெண்கள். அந்த வேலைக்குச் செலவுப் பணம் கூட அவர்களுக்கு ஏன் கொடுப்பதில்லை?" என்று கேட்டார்.

இன்னொரு கேள்வியும் கேட்டார். "எங்கள் தெருக்களில் குப்பையை ஏன் ஒழுங்காக அள்ளுவதில்லை?" கறுப்பு மக்கள் நிறைந்த பகுதி அது. ஓட்டு அவர்களுடையது, சங்கத்தில் அதிகாரமோ வெள்ளைத் தலைவர்களுடையது. இப்படிக் கேட்பவரைத் தலைவர்களுக்குப் பிடிக்குமா? "தொந்தரவு பிடித்த பெண்" என்று பெயர் வாங்கினார் ஷெர்லி.

1960-ல் புதிதாக ஒரு சங்கம் தோன்றியது. அதில் ஷெர்லி முக்கியப் பங்கு கொண்டார். 1962 தேர்தலில் அந்தச் சங்கத்தின் தாமஸ் ஜோன்ஸ் சட்டசபைக்குச் சென்றார்.

"புருஷனுக்குச் சமைத்தாயா?"

1964-ல் ஜோன்ஸ் நீதிபதி பதவிக்குப் போனார். சட்டசபை ஸ்தானம் காலியாயிற்று. "நான் நிற்கிறேன்" என்றார் ஷெர்லி.

சங்கத்திலேயே முணுமுணுப்பு! உழைப்புக்கு மட்டும் பெண் வேண்டும். பதவிக்குப் பெண் வேண்டாமாம். "இத்தனை ஆண்டுகள் நானும்தான் உழைத்தேன். எனக்குத் தகுதி இல்லையா?" என்று விடாமல் வாதாடினார். சங்கத்தார் இணங்கினார்கள். ஆனால் கட்சி பணம் தரவில்லை. சொந்தச் சேமிப்பைத்தான் செலவிட்டார்.

தெருத் தெருவாக நடந்தார். ஒரு நாள் முதியவர் ஒருவர் அவரை நிறுத்தி, இந்தக் குளிரில் இங்கே என்ன வேலை, புருஷனுக்குக் காலைச் சாப்பாடு கொடுத்தாயா, வீட்டை ஒழுங்கு செய்தாயா என்று கேட்டார். தேர்தல் ஆண்பிள்ளைகளின் காரியம் என்றும் சொன்னார்.

வேறொருவராக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பார், அல்லது அழுதிருப்பார். ஷெர்லி கோபிக்கவில்லை. இந்த ஊருக்காகப் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறேன், அந்த உழைப்பை இன்னும் பெரிய இடத்தில் செய்யப் போகிறேன் என்று பொறுமையாக விளக்கினார். எதிர்த்துப் பேசியவர்கள் எல்லோருக்கும் இதே பதில்தான். அவருடைய கணவர் கான்ராடோ, மனைவியின் முயற்சிக்குப் பக்கபலமாக நின்றார்.

தேர்தல் முடிவு வந்தது. ஷெர்லிக்கு 18,151 ஓட்டுகள். குடியரசுக் கட்சி அபேட்சகருக்கு 1,893. லிபரல் கட்சி அபேட்சகருக்கு 913. ஊர் தன் தீர்ப்பைச் சொல்லி விட்டது!

சட்டசபையில் என்ன செய்தார்?

ஓட்டு வாங்குவது பாதி வழி. வாங்கிய பிறகு என்ன செய்தார் என்பதுதான் மீதி வழி.

1965 முதல் 1968 வரை ஷெர்லி சட்டசபையில் இருந்தார். தொகுதி எல்லைகள் மாற்றப்பட்டதால் 1964, 1965, 1966 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தேர்தலைச் சந்தித்தார். மூன்றிலும் வெற்றி!

வீட்டு வேலை செய்பவர்களுக்கும் வேலை இழந்த காலத்தில் உதவிப் பணம் கிடைக்கச் சட்டம் கொண்டு வந்தார். பாத்திரம் துலக்கும் பெண்ணின் பெயர் சட்டத்தில் ஏறியது.

பிரசவத்துக்காக வேலையிலிருந்து விலகி நின்ற ஆசிரியைகள் தங்கள் பணி உரிமையை இழந்து வந்தார்கள். தாயாவது குற்றமா? அந்த அநியாயத்தையும் ஒரு சட்டத்தால் நீக்கினார்.

ஏழைப் பிள்ளைகள் கல்லூரி வாசலை மிதிக்க வழி செய்யும் திட்டத்துக்காகவும் போராடினார். நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காததால் பின்தங்கிய கறுப்பு இனப் பிள்ளைகளுக்கும், போர்ட்டோ ரிக்கோ தீவைச் சேர்ந்த பிள்ளைகளுக்கும் அந்தத் திட்டம் பண உதவியும் தனிப் பயிற்சியும் கொடுத்தது.

தாய்மொழி மட்டும் தெரிந்தால் தற்குறியா?

இன்னொரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் நியூயார்க்கில் புதிதாக ஓட்டுரிமை கேட்பவர்களுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும்! போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்கள் அமெரிக்கப் பிரஜைகள்தான். ஸ்பானிய மொழியில் பத்திரிகை படிப்பார்கள், கடிதம் எழுதுவார்கள். ஆனால் ஆங்கிலம் வராது. ஆகவே ஓட்டும் கிடையாது.

ஷெர்லி இதை எதிர்த்துப் பேசினார். தாய்மொழியில் திறமை உள்ளவரை எழுத்தறிவு இல்லாதவர் என்று எப்படிச் சொல்லலாம் என்பது அவர் வாதம். 1965-ம் ஆண்டின் மத்திய ஓட்டுரிமைச் சட்டம் இந்தத் தடையில் ஒரு பெரிய ஓட்டை போட்டது. போர்ட்டோ ரிக்கோவில் ஸ்பானிய மொழியில் ஆறு வகுப்புப் படித்தவருக்கு, ஆங்கிலம் தெரியவில்லை என்று ஓட்டை மறுக்கக் கூடாது என்றது. 1966-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டும் அதை ஒப்புக் கொண்டது.

இந்தியாவில் 1951-52-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலிலேயே இந்தத் தடை கிடையாது. எழுத்து அறியாதவரும் சின்னத்தைப் பார்த்து ஓட்டுப் போட்டார். அது எவ்வளவு பெரிய சொத்து என்பது, அமெரிக்காவில் நடந்த இந்தப் போராட்டத்தைப் பார்த்தால் விளங்கும்.

வாசலுக்கு வருபவர் யார்?

ஷெர்லி சட்டசபையோடு நிற்கவில்லை. 1968-ல் அமெரிக்கப் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தப் பெருமை பெற்ற முதல் கறுப்பு இனப் பெண்மணி அவர்தான். 1972-ல் ஜனாதிபதி தேர்தலில் தம் கட்சியின் அபேட்சகராவதற்கும் போட்டியிட்டார். அதில் வெற்றி கிட்டவில்லை. 1983 வரை பாராளுமன்றத்தில் பணியாற்றினார். 2005-ம் ஆண்டு புத்தாண்டு நாளில் காலமானார்.

இவ்வளவு உயரத்துக்கும் முதற்படி 1964 தேர்தல். அதற்கும் முந்திய படி குழந்தைக் காப்பகம். அந்தப் படியில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவர் உழைத்தார். தெருவில் ஓட்டுக் கேட்டுப் போனபோது அவரை ஊர் அறிந்திருந்தது.

தேர்தல் வந்தால் வாசலுக்குப் பலர் வருவார்கள். கும்பிடுவார்கள். குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவார்கள். அப்போது வீட்டில் உள்ளவர்கள் ஒன்றை நினைத்துப் பார்த்தால் போதும். இவர் இந்தத் தெருவுக்கு இதற்கு முன் வந்திருக்கிறாரா? தண்ணீர் வராத போது வந்தாரா? காய்ச்சல் பரவிய போது வந்தாரா? ஓட்டு இல்லாத காலத்தில் வந்தவர்தான், ஓட்டு வாங்கிய பிறகும் வருவார்.

ஆணா, பெண்ணா என்பது கேள்வி அல்ல. எந்த ஜாதி, எவ்வளவு பணம் என்பதும் கேள்வி அல்ல. என்ன செய்தார்? இனி என்ன செய்யப் போகிறார்? இந்த இரண்டுதான் கேள்வி.

தொண்டு செய்த ஒருவர் தேர்தலில் நிற்கிறேன் என்றால், "உனக்கு எதற்கு இந்த வேலை?" என்று தடுக்க வேண்டாம். "இவ்வளவு நாள் ஏன் நிற்கவில்லை?" என்று கேளுங்கள். ஜெயித்து வந்தால், "சொன்னதைச் செய்தாயா?" என்று மறக்காமல் கேளுங்கள். நல்லவர் அரசியலுக்கு வருவது அவர் கையில் இருக்கிறது. வந்த பிறகும் நல்லவராகவே இருப்பதில் ஊருக்கும் பங்கு உண்டு.