கூரைமேல் நல்கை, கூரையின்கீழ் வெம்மை

காங்கேயத்தைச் சுற்றிலும் தேங்காய்க்களங்கள் பரந்து கிடக்கின்றன. உடைத்த தேங்காயை வெயிலில் பரப்பிப் பருப்பாக உலர்த்தி எண்ணெய் ஆலைகளுக்கு அனுப்பும் தொழிலால் இவ்வூர்ப் பெயர் தமிழகமெங்கும் அறியப்பட்டது. அத்தொழிலுக்கு முதற்பொருள் வெயில். மழைமறைவு நிலமாகிய காங்கேய நாட்டில் அதற்கு என்றும் குறைவில்லை. ஆனால் களத்தில் பருப்பை உலர்த்தும் அதே வெயில்தான், களத்தில் உழைப்போரும், எண்ணெய் ஆலைக்கும் தறிக்கூடத்துக்கும் திருப்பூர்ப் பின்னலாடைப் பட்டறைக்கும் நாள்தோறும் சென்று மீள்வோரும் குடியிருக்கும் தகரக் கூரைமீதும் கல்நார்க் கூரைமீதும் விழுகிறது. பகலெல்லாம் காய்ந்த அக்கூரை, மாலையில் வீடு திரும்பியவரை அந்தி கடந்தும் உறங்க விடுவதில்லை. சித்திரையில் தென்னங்கீற்றைத் தகரத்தின்மேல் பரப்பிக் கயிற்றால் கட்டி வைப்பது இப்பக்கத்து ஏழையர் தாமே கண்ட மருந்து. தீப்பொறி யொன்று விழுந்தால் அம்மருந்தே எமனாகும் என்பதை அவர்களும் அறிவர்.

இந்நிலையில்தான் வீட்டு மின்னாற்றலுக்கென நடுவணரசு பெருந்தொகை யொன்றை ஒதுக்கியிருக்கிறது. 2024-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் அறிவிக்கப்பட்ட அத்திட்டத்துக்கு 75,021 கோடி உருபா வகுக்கப்பட்டது. ஒரு கோடி வீடுகளின் கூரையில் கதிரவன் ஒளியால் மின்னாக்கும் தகடுகளைப் பொருத்துவது நோக்கம். முதல் இரண்டு கிலோவாட்டுக்கு வாட்டு ஆயிரத்துக்கு 30,000 உருபாவும், மூன்றாவதற்கு 18,000 உருபாவுமாக, ஒரு வீட்டுக்கு மிகுதியளவாக 78,000 உருபா நல்கை கிடைக்கும். நடுவணரசே வகுத்த விலைக்கணக்கின்படி மூன்று கிலோவாட்டுக்கு ஆகும் செலவு 1,45,000 உருபா. எஞ்சிய 67,000 உருபாவை வீட்டுக்காரர் தாமே போட வேண்டும், அல்லது வைப்பகத்தில் கடனாகப் பெற வேண்டும். நல்கையும் தகடு பொருத்தி முடிந்த பின்னரே கைக்கு வரும்.

அத்திட்டத்தின் பெயர் 'பிரதான் மந்திரி சூர்ய கர் முப்த் பிச்லி யோசனா'. தமிழ்நாட்டு உழவரோ தறிக்காரரோ பொருள் விளங்கிக் கொள்ளத்தக்க சொல் இதில் ஒன்றேனும் உண்டா? 'யோசனா' என்பதைக் கேட்ட காங்கேயத்துப் பாட்டி, அரசு தமக்கு ஏதோ யோசனை சொல்ல வருகிறது என்றே கொள்வார். இதற்கு முன் 2015-இல் எல்.இ.டி. விளக்குகளைக் குறைந்த விலையில் பரப்ப வந்த திட்டத்துக்கு 'உசாலா' என்று பெயர். அதன் விரிவைப் பார்த்தால் முன்பாதி வடமொழி, பின்பாதி ஆங்கிலம்! நல்ல விளக்குத்தான், 60 வாட்டுக் குண்டு விளக்கின் வேலையை 9 வாட்டில் செய்வது. வீடுதோறும் எரியும் பொருளுக்கு வீட்டில் வழங்கும் மொழியில் ஒரு பெயர் வைக்க மட்டும் தில்லிக்கு மனம் வரவில்லை. இதைச் சிறு செய்தி என்று தள்ளுவார் உளர். பெயரே விளங்காத திட்டத்துக்கு இடைத்தரகனே மொழிபெயர்ப்பாளன் ஆகிறான் என்பதையும், மொழிபெயர்ப்புக் கூலியை அவன் நல்கையிலிருந்தே எடுத்துக் கொள்வான் என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்ப்பாராக.

பெயரை விட்டுப் பயனுக்கு வருவோர்க்கும் மனநிறைவு இல்லை. நல்கை பெறச் சொந்த வீடு வேண்டும், தகடு தாங்கும் கூரை வேண்டும், மின்னிணைப்பு வேண்டும், முன்பணம் வேண்டும். இவை நான்கும் உடையவர் அதனைப் பெற்றுக் கொள்வதில் தவறேதும் இல்லை. வெயில் மிக்க காங்கேயத்தில் தகடு நன்றாகவே வேலை செய்யும். ஆயின் ஒரே நீண்ட கூரையின்கீழ் அறை அறையாகத் தடுத்துக் குடிக்கூலிக்கு விடப்பட்ட வரிசை வீடுகளில் இருப்போருக்கு இந்நான்கில் எது உண்டு? கூரை உடையவர் அதன்கீழ் வாழ்வதில்லை. அதன்கீழ் வாழ்பவருக்கோ கூரையில் உரிமை இல்லை. தகரத்தை மாற்றினால் பயன் குடியிருப்பவருக்கு, செலவு தமக்கு என்று உடையவர் கணக்கிடுகிறார். தம்முடையது அல்லாத கூரைக்குச் செலவிடக் குடியிருப்பவரிடம் பணமும் இல்லை, மனமும் வாராது. அரசு நுழைய வேண்டிய இடம் இதுவே. எழுபத்தையாயிரம் கோடியும் இவ்விடத்தைத் தாண்டியே சென்றுவிட்டது.

தமிழ்நாட்டரசுக்கு இதில் இரக்கத்துக்கும் மேலாக ஊதியமும் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மே முதல் வீடுகளுக்கு இரு திங்களுக்கு 100 அலகு மின்னாற்றல் விலையின்றி வழங்கப்படுகிறது. அதன் விலையை மின்வாரியத்துக்கு ஈடு செய்வது அரசின் கருவூலம். பழைய மின்விசிறி 75 வாட்டு இழுப்பது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுழன்றால் இரு திங்களில் 54 அலகு. புதுவகை விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தரும். அதற்கு 22 அலகு போதும். மிஞ்சும் 32 அலகால், நூறு அலகுக்குள் அடங்கிய ஏழைக்கு ஒரு காசும் மிச்சமில்லை. ஆதலின் அவர் பழைய விசிறியை மாற்ற மாட்டார். மிச்சம் முழுவதும் அரசுக்கே. அவ்வாறிருக்க, அவ்விசிறியை வாங்கித் தரும் செலவை அரசு ஏற்பது கொடை ஆகாது, தன் கடனைத் தானே குறைத்துக் கொள்வதாகும். கூரை குளிர்ந்தாலோ விசிறி சுழல வேண்டிய நேரமே குறையும்.

கூரையைக் குளிர வைக்கும் கலையைத் தமிழர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கொங்கு நாட்டுப் பழைய வீடுகளில் தடித்த மண்சுவரும், காற்று ஊடாடும் நாட்டோட்டுக் கூரையும், வெயிலை வாசலிலேயே தடுக்கும் திண்ணையும் இருந்தன. மச்சு வீடு கட்டியவர்களும், மேலே செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் கலந்த படுகையைக் கடுக்காய் நீரும் கருப்பட்டிக் கரைசலும் ஊற்றி நாட்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கி, அதன்மேல் தட்டோடு பதித்தனர். இன்று மக்கள் 'காங்கிரீட்டு' என்று வழங்கும் கற்காரையைப் போட்டதோடு, செலவுக்கு அஞ்சி, மேற்படுகை இல்லாமலே நிறுத்திவிடும் வீடுகள் பெருகிவிட்டன. வெறுங் கற்காரை பகலில் வெயிலைக் குடித்து இரவில் உள்ளே உமிழ்வது. ஓட்டு வீட்டிலிருந்து மச்சு வீட்டுக்கு ஏறியது முன்னேற்றம் என்று மகிழ்ந்தவர், பின்னர் குளிரூட்டும் பொறிக்குக் கடன் வாங்கி, மின்கட்டணத்துக்கும் கடன் வாங்குகிறார். மேற்கூரையில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே உள்வெப்பம் இரண்டு முதல் ஐந்து பாகை வரை தணியும் என்று இன்றைய ஆய்வாளர் கூறுவது, முன்னோர் கண்டறிந்து பின்னோர் கைவிட்டதையே.

பிற நாடுகளில் இது புதுச் செய்தியன்று. அமெரிக்கா 1976 முதலே, வருவாய் குறைந்தோர் வீடுகளில் வெப்பமும் குளிரும் புகாதவாறு சுவரையும் கூரையையும் செப்பனிடும் செலவை ஏற்று வருகிறது. பிரித்தானியம் கண்டது வேறு பாடம். 2020 செப்டம்பரில் 6 இலக்கம் வீடுகளைச் செப்பனிட 150 கோடிப் பவுண்டு ஒதுக்கித் தொடங்கிய நல்கையை 2021 மார்ச்சிலேயே மூடியது. ஏறத்தாழ 47,500 வீடுகளே பயன்பெறும் என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டது. பணம் இருந்தது, குறுகிய காலத்தில் வேலையை முடிக்கப் பயிற்சி பெற்ற கைகள் போதிய அளவில் இல்லை. காங்கேயத்துக்கும் இது பொருந்தும். சுண்ணாம்புப் படுகை தட்டத் தெரிந்த கொத்தர்கள் முதியோராகி வருகின்றனர். அவர்களிடம் இளையோர் தொழில் பழகக் கூலி கொடுப்பதும் நல்கையின் பகுதியாதல் வேண்டும். இல்லையேல் பணம் தாளில் நிற்கும்.

அண்டையில் தெலங்கானம் 2023-இல் குளிர்கூரைக் கொள்கையை வகுத்து, அரசு கட்டித் தரும் வீடுகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டுக்கும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. 2011-இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீட்டோடு கதிரொளியால் எரியும் ஐந்து விளக்குகளும் அரசின் சொந்தப் பணத்திலேயே தரப்பட்டன. அன்று வீட்டுக்கு ஒளி தந்த அரசு இன்று தண்மையைத் தர எண்ணினால் போதும். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்த தமிழ்நாட்டரசு, அதனால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 இலக்கம் உருபா என்று ஆணையிட்டது. இறந்த பின் நாலிலக்கம் கொடுக்கும் கை, இறவாமல் இருக்கக் கூரைக்கு ஒரு பூச்சுச் சுண்ணாம்பு கொடுக்கத் தயங்குவானேன்?

வேண்டுவது இது. நகராட்சியும் ஊராட்சியும் தகரக் கூரை, கல்நார்க் கூரை வரிசை வீடுகளைக் கணக்கெடுத்து, நல்கையைக் குடியிருப்போர் பெயரில் ஒதுக்கி, வேலையை உள்ளூர்க் கொத்தரிடம் ஒப்படைத்தல். நல்கை பெற்ற வீட்டின் குடிக்கூலியை மூன்றாண்டுக்கு உயர்த்தாதிருக்க உடையவரிடம் எழுத்து வாங்குதல். நூறு அலகுக்குள் அடங்கும் வீடுகளுக்குப் புதுவகை விசிறியை மின்வாரியமே மாற்றித் தருதல். விண்ணப்பம், பெயர், அறிவிப்பு அனைத்தும் தமிழிலே அமைதல். காலமும் முதன்மையானது. தையில் பணம் இறங்கி மாசிக்குள் சுண்ணாம்பு காய்ந்திருக்க வேண்டும். பங்குனியில் விண்ணப்பம் வாங்கி, ஆடியில் ஆய்வு நடத்தி, புரட்டாசியில் வெள்ளையடித்தால், கத்திரி வெயிலைத் தகரத்தின்கீழ் கழித்த குடும்பம் ஐப்பசி மழை அச்சுண்ணாம்பைக் கழுவிக்கொண்டு போவதைத்தான் பார்த்திருக்கும்.