ஆறப் பொறுக்காத கலிஃபோர்னியா ஒயின்

ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்கள். கலிஃபோர்னியாவின் உயர்ரக சிவப்பு ஒயினை வாங்கி வைப்பவர்கள் பலருடைய கதை இதுதான். நல்ல கேபர்னே சாவிஞானாகத் தேடி வாங்குவார்கள். எட்டு வருடம், பத்து வருடம் குளிர்ந்த இருட்டறையில் படுக்க வைத்துப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் ஒரு பிறந்தநாள், ஒரு விருந்து... டப்பென்று கார்க் போய்விடும்!

ஒயின் என்றாலே பழசானால் நல்லது என்ற நினைப்பு தவறு. கடையில் இருக்கும் ஒயின்களில் பெரும்பாலானவை ஓரிரு வருடங்களில் குடித்து முடிக்க வேண்டியவை. ஆனால் கெட்டியான தோலுள்ள கேபர்னே திராட்சையில் செய்த சிறந்த ஒயின் வேறு ஜாதி. ஆரம்பத்தில் அதில் துவர்ப்பு தூக்கலாக இருக்கும் (வாழைப்பூவின் துவர்ப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்). அந்தத் துவர்ப்பைத் தரும் டானின்கள் பாட்டிலுக்குள்ளேயே ஒன்றோடொன்று சேர்ந்து மெல்ல மெல்ல மென்மையாகின்றன. பச்சைப் பழவாசனை அடங்கி, வேறு வாசனைகள் மேலே வருகின்றன. இதற்கு இருபது வருடமும் ஆகலாம், முப்பதும் ஆகலாம்.

அப்படியிருக்க ஏன் அவசரம்? முதல் காரணம், கலிஃபோர்னியா வெயில். அங்கே திராட்சை நன்றாகப் பழுத்துவிடுவதால் ஒயின் இளசாக இருக்கும்போதே ருசிக்கிறது. பிரான்சின் போர்டோ ஒயின் சின்ன வயதில் முரடு. குடிப்பவர் வேறு வழியில்லாமல் காத்திருக்கிறார். கலிஃபோர்னியாக்காரருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இப்போதே நன்றாக இருக்கிறதே என்று திறந்துவிடுகிறார். நன்றாக இருப்பதுதான் இங்கே வினை!

இரண்டாவது காரணம் ஒரு பழைய வதந்தி. கலிஃபோர்னியா ஒயின் நாள்பட நிற்காது என்பது. 1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் நடத்திய போட்டியில், பெயர் மறைத்துச் சுவைத்த ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள் சிவப்பு ஒயின்களில் ஸ்டாக்ஸ் லீப் 1973-க்கு முதலிடம் கொடுத்தார்கள். தோற்ற தரப்பு சொன்ன சமாதானம்: 'எங்கள் ஒயின் இன்னும் முதிரவில்லை, காலம் போகட்டும், அப்போது பாருங்கள்.'

காலம் போனது. பார்த்தார்கள். 2006-ல் அதே சிவப்பு ஒயின்களை லண்டனிலும் நாபாவிலும் ஒரே நாளில் மறுபடி சுவைத்தபோது முதல் ஐந்து இடங்களும் கலிஃபோர்னியாவுக்கே. முதலிடம் சான்டா க்ரூஸ் மலையில் விளைந்த ரிட்ஜ் மான்டே பெல்லோ 1971. அதற்கு அப்போது 35 வயது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இதே ரிட்ஜ் 1976-ல் ஐந்தாம் இடம். எட்டாவதாக வந்த க்ளோ டு வால் 1972, பத்து வருடம் கழித்து 1986-ல் நியூயார்க்கில் நடந்த மறுசுவைப்பில் முதலிடம். அதாவது, ரிட்ஜை ஐந்தாம் வயதில் திறந்தவர் குடித்தது ஐந்தாம் இடத்து ஒயினைத்தான். முதலிடத்து ஒயினும் அதே பாட்டிலுக்குள்தான் இருந்தது!

வணிகவியல் வகுப்பில், சரக்கைத் தேக்கி வைத்தால் நஷ்டம் என்று முதல் வருடமே சொல்லித் தருவார்கள். முடங்கிய பணம், இடத்துக்கு வாடகை, வட்டி... எல்லாம் உண்மை. ஆனால் விற்பனைக்குத் தயாராகவே நெடுங்காலம் பிடிக்கும் சரக்குக்கு, அதற்காக வாங்கிய கடனின் வட்டியையும் சரக்கின் அடக்கவிலையில் சேர்க்கக் கணக்கியல் தரங்களே வழிவிடுகின்றன. அங்கே காத்திருப்பதும் தயாரிப்பின் ஒரு பகுதி. பத்தாம் வருடம் திறப்பவர், பத்து வருடச் செலவையும் ஏற்றுக்கொண்டு பாதி தயாரான சரக்கை எடுத்துக்கொண்டு போகிறார். இதைவிட மோசமான வியாபாரம் உண்டா?

எல்லா பாட்டிலையும் முப்பது வருடம் பூட்டி வைக்கச் சொல்வதும் அபத்தம். 1990-களுக்குப் பிறகு வந்தவற்றில் பல, அதிகம் பழுத்த திராட்சையில், 14 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹாலோடு செய்யப்பட்டவை. 1970-களின் ஒயின்களை வைத்து இவற்றுக்கு ஜாதகம் கணிக்க முடியாது. கார்க் சதி செய்யலாம், அறைச் சூடு கெடுக்கலாம். வாங்கியவருக்கும் வயதாகிறதே! எண்பதைத் தொட்டவர் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, தாராளமாகத் திறக்கட்டும்.

பன்னிரண்டு பாட்டில் பெட்டியாக வாங்கியவருக்குப் பிரச்சினை சுலபம். பத்தாம் வருடம் ஒன்றைத் திறக்கலாம். அது வீண் இல்லை, மீதி பதினொன்றைப் பற்றிய தகவலுக்குக் கொடுக்கும் விலை. துவர்ப்பு இன்னும் நாக்கைப் பிடித்தால் மூன்று நான்கு வருடம் விட்டு அடுத்தது. ஒரே ஒரு பாட்டில் வைத்திருப்பவர்தான் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். பிறந்தநாள் விருந்துக்குத் தெருமுனைக் கடையில் வேறு ஒயின் கிடைக்கும்.