ஏலமும் நாற்றங்காலும்

காங்கேயத்தை அடுத்த கண்ணபுரத்தில் கூடும் மாட்டுச் சந்தையைப் பார்த்தவர்கள் நம் வாசகர்களில் அநேகர் இருப்பார்கள். வாங்க வந்தவர் காளையின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலடி நடத்தியும் பார்ப்பார். பிறகு துண்டுக்குள் கையை விட்டு விரலைத் தொட்டு விலை பேசுவார். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தொகை தெரியாது. காளைக்கோ அறவே தெரியாது. விலை போன பின்பும் அது அமைதியாக அசைபோட்டுக்கொண்டு நிற்கும்.

மனிதப் பிள்ளைகளை ஏலம் விடும் இடத்தில் இந்த நாகரிகத்தை எதிர்பார்ப்பதற்கில்லை. ஐ.பி.எல். என்று வழங்கும் இந்தியன் பிரீமியர் லீகின் ஏலம் நடக்கும் நாளில், தேசம் முழுவதும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்கார்ந்துவிடுகிறது. பையனும் அவன் தாய் தந்தையரும் உட்கார்ந்திருக்கிறார்கள். பெயர் கூப்பிடப்படுகிறது. ஒருவர் கை உயர்ந்தால் வீட்டில் தீபாவளி. ஒருவர் கையும் உயராவிட்டால், "விலை போகவில்லை" என்று ஊரறியச் சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுகிறார்கள். பல் பிடித்துப் பார்க்கும் வழக்கமும் இல்லாமல் போகவில்லை. இளம் ஆட்டக்காரர்களின் வயதை நிர்ணயிக்க, மணிக்கட்டு எலும்பை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்க்கிறது கிரிக்கெட் வாரியம். வயதைக் குறைத்துச் சொல்லும் பெற்றோர் இருக்கிறபடியால் அது அவசியமாகவே இருக்கிறது.

விளையாட்டைப் பற்றி வாத்தியார் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். காரணம் சொல்கிறேன். சென்ற மாதம் விசைத்தறி ஓட்டும் ஒரு தகப்பனார் என்னிடம் வந்தார். "பையன் நல்லாப் பந்து போடறானுங்க சார். பத்தாவதோட நிறுத்தீட்டு அகாடமியில சேர்த்தீர்லாமுங்களா? ரெண்டு தறியை வித்தாப் பணம் கட்டீர்லாமுங்க" என்றார். பையன் பந்து வீசுவதை நானும் பார்த்திருக்கிறேன். அவர் சொன்னது மிகையன்று. தறியை விற்கவேண்டாம், படிப்பையும் நிறுத்தவேண்டாம் என்று அவருக்குச் சொன்னேன். அதற்குரிய காரணங்களைப் பொதுவில் எழுதி வைத்தால், இதே கேள்வியோடு அலையும் வேறு பெற்றோருக்கும் பயன்படலாம் அல்லவா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஐ.பி.எல். பந்தயத்தில் 10 குழுக்கள் இருக்கின்றன. ஒரு குழுவில் 25 பேர் வரையில் இருக்கலாம். அவர்களில் 8 பேர் வெளிநாட்டார் ஆகலாம். எட்டு இடமும் நிரம்பினால் இந்தியருக்கு எஞ்சுவது குழுவுக்கு 17, மொத்தம் 170. தேசத்தில் மட்டை பிடிக்கும் பிள்ளைகளின் தொகையோடு இந்த 170-ஐ ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். பரீட்சையில் தோற்றவன் அடுத்த பரீட்சையில் தேறலாம். இங்கே ஒருவன் நுழைய வேண்டுமானால் இன்னொருவன் வெளியேற வேண்டும்.

நமது மாகாணத்தில் 2016-ஆம் ஆண்டு தமிழ்நாடு பிரீமியர் லீக் என்னும் பந்தயம் தொடங்கியது ஒரு நல்ல காரியம். அதில் உள்ள எட்டுக் குழுக்களில் கோவை, திருப்பூர், சேலம் என்று மூன்று கொங்கு நாட்டுப் பெயரைத் தாங்கியவை. கோவைக் குழு 2023-இலும், திருப்பூர்க் குழு 2025-இலும் கோப்பையைத் தூக்கின. ஆரம்பத்தில் ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். 2023-இல்தான் முதன் முதலாக ஏலம் வந்தது. அந்த ஏலத்தில் சாய் சுதர்சன் என்னும் வாலிபரைக் கோவைக் குழு 21 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய்க்கு எடுத்தது. அதே சமயத்தில் பெரிய பந்தயமாகிய ஐ.பி.எல்.லில் குஜராத் குழு அவருக்குக் கொடுத்து வந்தது 20 லட்சம்தான்! அவ்வாண்டு ஐ.பி.எல். இறுதி ஆட்டத்தில் அவர் 96 ஓட்டம் எடுத்தார். 2025-இல் அந்தப் பந்தயத்திலேயே எல்லாரினும் அதிகமாக 759 ஓட்டங்கள் எடுத்தார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் டெஸ்ட் ஆட்டமும் ஆடினார். ஏலத் தொகைக்கும் ஆளின் தகுதிக்கும் உள்ள உறவு எத்தகையது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

இன்னும் சுவையான உதாரணம் 2008-ஆம் ஆண்டில் இருக்கிறது. ஐ.பி.எல். பிறந்த அவ்வாண்டு, 19 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை ஏலம் விடாமல், குழுக்கள் முறைவைத்து ஒவ்வொருவராக அழைத்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்தார்கள். தில்லிக் குழுவுக்குத் தம் ஊர்ப் பிள்ளையான விராட் கோலியை எடுத்துக்கொள்ளச் சந்தர்ப்பம் இருந்தது. அவர்கள் எடுத்ததோ பிரதீப் சங்வான் என்னும் பந்து வீச்சாளரை. கோலி பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்தார். நிபுணர்கள் கூடிச் செய்த முடிவுதான் அது. பதினெட்டு வயதுப் பிள்ளையின் எதிர்காலத்தை முழுவதும் அறிந்த நிபுணர் இன்னும் பிறக்கவில்லை என்றே தோன்றுகிறது.

இவ்வாறு முறைவைத்து அழைத்துக்கொள்ளும் வழக்கத்தை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்தவர்கள் அமெரிக்கர்கள். அங்கே பேஸ்பால் என்னும் பந்தாட்டத்தில் 30 பெரிய குழுக்கள் உண்டு. 1965 முதல் ஆண்டுதோறும், பள்ளியும் கல்லூரியும் முடிக்கும் பிள்ளைகளைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பின்தங்கிய குழுவுக்கு முந்திய உரிமை. இப்போது பின்தங்கியவர்களுக்குள் சீட்டுக் குலுக்கியும் போடுகிறார்கள். இருபது சுற்றுக்களில் ஏறக்குறைய 600 பிள்ளைகள் தேர்வாகிறார்கள். தேர்வானவுடன் பெரிய களத்தில் யாரையும் இறக்கிவிடுவதில்லை. ஒவ்வொரு குழுவுக்கும் கீழே படிப்படியாக நான்கு சிறிய குழுக்கள் இருக்கின்றன. பையன் ஒவ்வொரு படியாக ஏறி வரவேண்டும். நாலைந்து ஆண்டு ஆவது சகஜம். ஏறாமலே போகிறவர்கள்தாம் மிகுதி.

இந்தப் படிமுறையை 1920-களில் வகுத்தவர் செயிண்ட் லூயிஸ் குழுவின் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி. பணக்காரக் குழுக்களோடு போட்டியிட்டு விலை கொடுக்க அவரிடம் பணம் இல்லை. ஆகவே விலைக்கு வாங்குவதை விட்டுவிட்டு விளைவிக்கத் தொடங்கினார். அதற்கு அமெரிக்கர் இட்ட பெயர் "பண்ணை முறை". இதே ரிக்கிதான் பிற்காலத்தில் புரூக்ளின் குழுவின் தலைவராக இருந்து, கறுப்பினத்தவரான ஜாக்கி ராபின்சனை 1947-இல் பெரிய களத்தில் இறக்கி, நெடுங்காலம் நிலவிய நிற வேற்றுமையைத் தகர்த்தவர். நம் தேசம் விடுதலை பெற்றதும் அதே ஆண்டில் அல்லவா?

அமெரிக்கத் தேர்விலும் நிபுணர்களின் கணக்குப் பிசகுவது உண்டு. 1988-இல் மைக் பியாட்சா என்பவர் 62-ஆவது சுற்றில், 1390-ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். அவரே 2016-இல் அந்த ஆட்டத்தின் மகா புருஷர்கள் வரிசையில் சேர்க்கப்பட்டார். ஆனால் பியாட்சாவின் கதையை மட்டும் சொல்லி நிறுத்துவது நியாயமாகாது. 2008-இல் நம் தேசத்திலேயே ஒரு போட்டி வைத்து, ஈட்டி எறியும் இளைஞர்களான ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்ற இருவரை அமெரிக்காவுக்கு அழைத்துப் போனார்கள். பிட்ஸ்பர்க் குழு அவர்களோடு ஒப்பந்தமும் செய்தது. பேஸ்பால் மட்டையையே அதற்கு முன் தொட்டறியாத பிள்ளைகள். இருவரும் கீழ்ப் படிகளில் ஆடினார்கள். பெரிய களத்தை எட்டவில்லை. அவர்கள் கதை 2014-இல் சினிமாப் படமாக மட்டும் வந்தது.

கீழ்ப் படிகளில் உள்ளவர்களின் வாழ்வும் நெடுங்காலம் பரிதாபமாகவே இருந்தது. சொற்பச் சம்பளத்தில் அரை வயிற்றோடு ஆடியதாக அவர்கள் தொடுத்த வழக்கு, 2022-இல் 18 கோடியே 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆயிற்று. 2023-இல்தான் அவர்களுக்கென்று முதல் கூட்டு ஒப்பந்தம் ஏற்பட்டது. ஒரு நல்ல வழக்கம் மட்டும் முன்பே உண்டு: படிப்பை விட்டுவிட்டு ஒப்பந்தம் செய்யும் பையனுக்கு, பின்னாளில் கல்லூரிச் செலவைக் குழுவே ஏற்கும்படி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். நாம் பின்பற்ற வேண்டியது இதைத்தான்.

நம் நாட்டிலே பண்ணை முறை இல்லையா என்றால், இருக்கிறது. சேலம் ஜில்லாச் சின்னப்பம்பட்டி நடராஜனின் வரலாறே அதற்குச் சாட்சி. தகப்பனார் தறித் தொழிலாளி; தாயார் சாலை ஓரத்தில் கடை வைத்தவர். இருபது வயது வரையில் நடராஜன் கையில் இருந்தது டென்னிஸ் பந்து. ஊர்க்காரர் ஒருவர் அவர் திறமையை அறிந்து சென்னைக்கு அனுப்பினார். அங்கே நாலாவது டிவிஷனில் தொடங்கி, முதல் டிவிஷன் வரை ஏறினார். 2015-இல் ரஞ்சி ஆட்டத்தில் இடம் கிடைத்ததும், கையை மடக்கி எறிகிறார் என்ற புகார் எழுந்தது. அநேகருடைய ஆட்டம் அத்துடன் முடிந்திருக்கும். பயிற்சியாளர்கள் பொறுமையாக அவருடைய வீச்சைத் திருத்திக் கொடுத்தார்கள். 2017-இல் பஞ்சாப் குழு 3 கோடி ரூபாய் கொடுத்தது. ஆறு ஆட்டங்களில் 2 விக்கெட். மறு ஆண்டில் விலை 40 லட்சமாக இறங்கி, ஹைதராபாத்துக்குப் போனார். 2018, 2019 இரண்டு ஆண்டுகளும் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். 2020-இல் 16 விக்கெட்டுகள். பயிற்சிக்குப் பந்து வீச ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டவர், ஒரே பிரயாணத்தில் மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அரங்கேறிய முதல் இந்தியர் ஆனார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட் எடுத்தார். அந்த ஆட்டத்தில் இந்தியா வென்று தொடரையும் கைப்பற்றியது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. 3 கோடி கொடுத்த ஆண்டு அவரை உயர்த்தவில்லை. 40 லட்சமும் காத்திருப்புமாகக் கழிந்த ஆண்டுகளே உயர்த்தின. 2024 நவம்பர் ஏலத்தில் தில்லிக் குழு அவருக்கு 10 கோடியே 75 லட்சம் கொடுத்தது. அடுத்த பந்தயத்தில் அவர் ஆடியது வெகு சில ஆட்டங்களே. விலை என்பது வாங்குகிறவருடைய அவசரத்தின் அளவு. வளர்ச்சி என்பது வேறு சமாசாரம். அவரோ 2023-இல் தம் ஊரிலேயே மைதானம் ஒன்று திறந்து, கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சிக்கு இடம் செய்து கொடுத்திருக்கிறார். இந்த நாற்றங்காலுக்கு எந்த ஏலத்திலும் விலை கூற முடியாது.

நாற்றங்கால் என்றதும் நம் கோயமுத்தூர் கரும்பு நிலையம் நினைவுக்கு வருகிறது. 1912-இல் நிறுவப்பட்ட அந்த நிலையத்தில், டாக்டர் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் நாட்டுக் கரும்பையும் காட்டில் விளையும் நாணல் வகையையும் கலந்து கோ 205 என்ற இனத்தை உண்டாக்கி, 1918-இல் குடியானவர்களுக்குக் கொடுத்தார்கள். வட இந்தியாவின் கரும்புக் காடுகளே அதனால் மாறின. அப்படி ஓர் இனம் கிடைக்க எண்ணற்ற நாற்றுக்களை வளர்த்து, ஆண்டுக்கு ஆண்டு கழித்துக்கொண்டே வரவேண்டும். கழித்த கரும்பைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. அது அடுப்புக்கோ எருவுக்கோ போய்விடும்.

கழிக்கப்பட்ட பையன் எங்கே போவான்? இதுதான் கேள்வி. இருபத்து மூன்று வயதில், பத்தாம் வகுப்போடு, விற்றுப்போன தறியின் கடனோடு அவன் வீட்டுக்குத் திரும்பி வருகிறான். 2024 ஏலத்தில் 13 வயது வைபவ் சூர்யவன்ஷியை 1 கோடியே 10 லட்சத்துக்கு எடுத்ததும், மறு ஆண்டில் அச்சிறுவன் 35 பந்துகளில் சதம் அடித்ததும் எல்லாருக்கும் தெரியும். அதைக் கேட்டு எத்தனை வீட்டில் புத்தகப் பை மூலைக்குப் போயிற்று என்பதை ஒருவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆகவே பெற்றோருக்கு என் யோசனை இது. பையன் ஆடட்டும், மனமார ஆடட்டும். பயிற்சி நிலையத்தில் சேர்க்கும்போது, எத்தனை பேரை மேலே அனுப்பினீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். மேலே போகாதவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது, பரீட்சைக் காலத்தில் விடுமுறை உண்டா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் பணம் கட்டவேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பு முடியும் முன் எந்த ஒப்பந்தத்திற்காகவும் பள்ளியை விடவேண்டாம்.

ஊருக்கும் ஒரு கடமை உண்டு. கோவைக்கும் திருப்பூருக்கும் வெற்றிக் கோப்பை வந்தபோது வெடி வெடித்து மகிழ்ந்தோம். சந்தோஷம்! ஆனால் நம் பள்ளிகளில் மைதானம் இருக்கும் இடத்தில் டிரில் மாஸ்டர் இல்லை. டிரில் மாஸ்டர் இருக்கும் இடத்தில் மைதானத்தின் மீது கட்டடம் எழும்பிவிட்டது. ஆலை முதலாளிகளும் பம்புத் தொழிற்சாலைக்காரர்களும் மனம் வைத்தால், ஆடிக்கொண்டே தொழில் கற்கும் இளைஞர் நாலு பேருக்கு ஒவ்வோர் இடத்திலும் வேலை கொடுக்கலாம். மேலே போனால் தொழிற்சாலைக்குப் பெருமை. போகாவிட்டால் கையில் தொழில் இருக்கும். நாற்று விடுகிறவன் ஒவ்வொரு நாற்றுக்கும் தண்ணீர் பாய்ச்சித்தான் ஆகவேண்டும். எது கதிர் விடும் என்று தெரிந்துகொண்டு பாய்ச்சுகிறவன் எவனும் இல்லை.