காமநாயக்கன்பட்டியில் ஒரு கல்

“எட்டப்பன்!” என்று யாரையாவது சொல்லிப் பாருங்கள், சண்டைதான் வரும். கூட இருந்தே குழி பறிப்பவனுக்கு நம்மிடையே அதுதான் பெயர். 1799-ஆம் வருஷம் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்தபோது எட்டயபுரத்தார் கும்பினியின் பக்கம் நின்றார்கள். அக்டோபர் 16-ந் தேதி கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1959-இல் வந்த சினிமா அந்தக் கதையை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்துவிட்டது.

ஆனால் சகோதரிகளே, பாஞ்சாலங்குறிச்சியைப் பார்க்கப் போகிறவர்கள் அத்துடன் திரும்பிவிடாதீர்கள். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில் காமநாயக்கன்பட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே பரலோக மாதா கோயில் கொண்டிருக்கிறாள். அந்தக் கோயிலின் சரித்திரத்திலும் ஓர் எட்டப்பர் வருகிறார். அவர் வருகிற விதமே வேறு!

எட்டப்பன் என்பது ஒரே ஒருவருடைய பெயர் அல்ல. எட்டயபுரம் பாளையக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தாங்கி வந்த பட்டம் அது. கட்டபொம்மனுக்கு நூறு வருஷம் முன்பு, 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில், மதுரை மிஷனைச் சேர்ந்த சேசு சபைச் சந்நியாசிகள் இந்த ஊருக்கு வந்தார்கள். காவி உடுத்தி, மரக்கறி உண்டு, தமிழ் பேசிய அந்நியர்கள். அவர்களில் ஒருவர் போர்ச்சுகல் தேசத்து அருளானந்தர். பக்கத்து ராமநாதபுரம் சீமையில் அவருக்கு என்ன நேர்ந்தது, தெரியுமா? 1693-இல் ஓரியூரில் தலை வெட்டுண்டு இறந்தார்.

அதே காலத்தில் எட்டயபுரம் ஜெகவீரராம எட்டப்ப நாயக்கர் என்ன செய்தார்? ரோமாபுரிச் சந்நியாசிகளுக்கும் அவர்களுடைய கோயிலுக்கும் யாரும் இடைஞ்சல் செய்யக்கூடாது, செய்கிறவன் துரோகி என்று கல்லிலே வெட்டி வைத்தார். துரோகத்துக்கே பெயராகிவிட்ட பட்டம், துரோகம் கூடாது என்று சொன்ன கல்லில் இருக்கிறது!

ஸ்பெயின் தேசத்தில் சந்தியாகோ என்ற பெரிய யாத்திரை ஸ்தலம் இருக்கிறது. கனத்த சுவர்களும் அரை வட்ட வளைவுகளும் கொண்ட ரோமனெஸ்க் பாணிக் கோயில் அது. 1075-இல் தொடங்கி, 1211-இல் அபிஷேகம் செய்தார்கள். ஐரோப்பாவின் நான்கு மூலைகளிலிருந்தும் ஜனங்கள் நடந்தே வந்தார்கள், இன்றும் வருகிறார்கள். அங்கேயும் அரசர்களின் ஆதரவு இருந்தது. ஆனால் அவர்கள் தங்கள் சொந்த மதத்துக் கோயிலைத்தான் காத்தார்கள். நம் கரிசல் காட்டிலோ, வேறு தெய்வத்தைக் கும்பிட்ட ஒருவர் அல்லவா காவலுக்கு நின்றார்!

அந்தக் காவலின் பலன் நம் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. இத்தாலியில் 1680-இல் பிறந்த பெஸ்கி பாதிரியார் தமிழகத்துக்கு வந்த புதிதில் இந்த ஊரில்தான் தங்கிப் பணி செய்தார். பின்னாளில் வீரமாமுனிவர் என்று பெயர் பெற்று, 1726-இல் ‘தேம்பாவணி’ பாடி முடித்தார். குழந்தைகளுக்கு நாம் சொல்லிச் சிரிக்க வைக்கும் பரமார்த்த குரு கதையும் அவர் தந்ததே.

ஆடி முடிகிற சமயம், ஆகஸ்டு 15-ந் தேதி, பரலோக மாதாவின் பெருவிழா. விதைப்புக்கு மழை வராதா என்று கரிசல் மண் வெடித்துக் கிடக்கும் நேரம் அது. தேரின் பின்னால் பக்தர்கள் தரையில் விழுந்து கும்பிடு சேவை செய்வார்கள். கிறிஸ்தவர் மட்டுமா? நெற்றியில் குங்குமம் துலங்கும் பெண்களும் நேர்த்திக்கடன் செலுத்த வருகிறார்கள். பிள்ளை வரத்துக்கும் நோய் தீரவும் வேண்டிக்கொள்ளும் தாய்க்கு, கேட்பவள் எந்தத் தாயானால் என்ன?

எட்டயபுரத்தார் 1799-இல் செய்ததை மறக்கச் சொல்லவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் ஒரு குடும்பத்தில் ஒருவர் செய்த பிழைக்காக, முன்னோர் செய்த நன்மையையும் சேர்த்து மூடிவிடுவது நம் வீடுகளிலும் நடப்பதுதானே? “அந்த வீட்டுப் பெண்ணா?” என்று ஒரே சொல்லில் கதவைச் சாத்திவிடுகிறோம்.

அடுத்த முறை யாரையாவது “எட்டப்பன்” என்று சொல்ல வாய் வரும்போது, காமநாயக்கன்பட்டிக் கல்லை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.