கெட்டித் தகடு என்றொரு மூடநம்பிக்கை

பழைய கார் விற்கும் வீடியோக்களைப் பார்ப்பவர்களுக்கு இந்தச் சடங்கு பழகியிருக்கும். விற்பவர் கதவைத் திறந்து படாரென்று சாத்துவார். ‘சத்தத்தக் கேளுங்க சார், தகடு எப்படி இருக்கு பாருங்க, டேங்க் மாதிரி’ என்பார். முஷ்டியை மடக்கி பானட்டில் இரண்டு குத்து. உற்சாகம் மிகுந்தால் அதன் மேல் ஏறி உட்காருவதும் உண்டு. ‘இப்ப வர்ற வண்டியெல்லாம் தகர டப்பா’ என்பது மங்களம். வாங்க வந்தவரும் தன் பங்குக்கு ஒரு தட்டு தட்டி, கூட வந்த மைத்துனரையும் தட்டச் சொல்லி, திருப்தியோடு அட்வான்ஸை நீட்டுகிறார். பாதுகாப்புப் பரிசோதனை முடிந்துவிட்டது. தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கும் கலையை நாலைந்து லட்ச ரூபாய்ப் பொருளிடம் காட்டுகிறோம். தேங்காய் விஷயத்திலாவது அது பெரும்பாலும் பலிக்கும்.

தகடு கெட்டியாக இருந்தால் உயிர் தப்பும் என்ற இந்த நம்பிக்கைக்கு 2014 ஜனவரியிலேயே கருமாதி முடிந்துவிட்டது. குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்பனையில் இருந்த ஐந்து சின்னக் கார்களை மோதவிட்டு, முடிவுகளை அப்போது வெளியிட்டது. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகம். முன்பக்கத்தில் 40 சதவீதம் மட்டும் தடுப்பில் மோதும். மாருதி ஆல்டோ 800, டாடா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வாகன் போலோ. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்ய நட்சத்திரம். இதில் போலோவைக் கவனியுங்கள். நம் ஊர்த் தகடு ரசிகர்களின் குலதெய்வம் அது. கதவைச் சாத்தினால் கேட்கும் ‘தொப்’ சத்தத்துக்கே பாதி விலை கொடுக்கலாம் என்று மெச்சப்பட்ட ஜெர்மன் பெயர். சோதனையில் அதன் பயணிகள் கூடு குலையவில்லை, நிலையாக நின்றது என்றே அறிக்கை சொன்னது. அதாவது இரும்பு தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. உள்ளே உட்கார்ந்திருந்த பொம்மைக்குத்தான் பூஜ்யம், ஏனென்றால் அது ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல். இரண்டு ஏர்பேக் வைத்த போலோவை மோதவிட்டபோது நான்கு நட்சத்திரம் வந்தது. அதே தகடு, அதே கதவு, அதே ‘தொப்’. பூஜ்யத்துக்கும் நான்குக்கும் நடுவில் இருந்தவை இரண்டு துணிப் பைகள். நிறுவனமே ஏர்பேக் இல்லாத போலோவை இந்தியாவில் விற்பதை நிறுத்திக்கொண்டது. ஏற்கெனவே விற்றவை எங்கும் போய்விடவில்லை. ‘ஜெர்மன் பில்டு’ என்ற பட்டத்தோடு பழைய கார்ச் சந்தையில் நிற்கின்றன, யாராவது வந்து தட்டிப் பார்ப்பதற்காக.

நாம் தட்டிப் பார்க்கும் பானட்டும் கதவின் வெளித்தோலும் ஃபெண்டரும் வெறும் மூடிகள். எந்த நாட்டுக் காரானாலும் அவற்றின் கனம் ஒரு மில்லிமீட்டரை எட்டுவது அபூர்வம். உயிரைக் காப்பது கண்ணுக்குத் தெரியாத கூடு: முன் கண்ணாடியின் இருபுறத் தூண்கள், இரண்டு கதவுகளுக்கு இடையிலுள்ள தூண், காலடியில் ஓடும் சட்டம், கதவுக்குள் குறுக்கே கிடக்கும் இரும்புத் தண்டு. இவை எந்த ரக எஃகு, எப்படி இணைக்கப்பட்டவை என்பதை மைத்துனரின் முஷ்டி கண்டுபிடிக்காது. கூட்டுக்கு முன்னால் இருக்கும் பகுதியோ நசுங்குவதற்கென்றே செய்யப்பட்டது. மெர்சிடிஸ் நிறுவனத்தின் பொறியாளர் பேலா பாரெனி 1950களின் தொடக்கத்தில் இந்தத் தத்துவத்துக்குக் காப்புரிமை கேட்டார். 1959இல் அது சாலைக்கு வந்தது. மோதலின் ஆற்றல் எங்காவது செலவாகியே தீரவேண்டும். முன்பகுதி மடங்கி அதை விழுங்கினால் பயணி பிழைப்பார். முன்பகுதி வீம்பாக விறைத்து நின்றால் அந்தக் கணக்கைப் பயணியின் மார்பெலும்பு தீர்க்கும். ஆனால் ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் வாட்ஸ்அப்பில் சுற்றுவது மூக்கு நசுங்கிய காரின் படம்தான். ‘அப்பளம் மாதிரி நொறுங்கிடுச்சு பாருங்க’ என்று கீழே ஒரு வரி. அதை ஓட்டியவர் கதவைத் திறந்து இறங்கி எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பார். படத்தில் அவர் வருவதில்லை.

இங்கே அம்பாசடர் கட்சிக்காரர்கள் கையைத் தூக்குவார்கள். அந்தக் காலத்து வண்டியில் இடித்தால் இடித்த சுவர்தான் விழும் என்பார்கள். சுவர் விழுவதை வைத்து வண்டியை மதிப்பிடும் இந்த முறைக்கு 2009இல் அமெரிக்காவில் பதில் கிடைத்தது. காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், 1959ஆம் ஆண்டு செவ்ரலே பெல் ஏர் காரையும் 2009ஆம் ஆண்டு செவ்ரலே மாலிபுவையும் நேருக்கு நேர் மோதவிட்டது. பெல் ஏர் நம் அம்பாசடரைவிடப் பெரிய இரும்புக் கப்பல். எடையில் பெல் ஏரும் மாலிபுவும் ஏறக்குறையச் சமம். பெல் ஏரின் ஓட்டுநர் அறை உள்ளே இடிந்து விழுந்தது; நிஜ மனிதராக இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். மாலிபுவின் ஓட்டுநருக்குக் காலில் காயம், அவ்வளவுதான். அந்தப் படம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. அம்பாசடர்மீது பாசம் இருப்பதில் தவறில்லை. பாசத்தைக் கல்யாண ஊர்வலத்தில் காட்டலாம், நான்குவழிச் சாலையில் வேண்டாம்.

எடை அதிகமான வண்டி பாதுகாப்பில்லையா, இயற்பியல் என்ன ஆயிற்று என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு கார்கள் மோதினால் கனமானதற்கு அனுகூலம் உண்டு. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் நம் சாலையில் கார் மோதுவது புளியமரத்தில், பாலத்தின் கைப்பிடிச் சுவரில், சென்டர் மீடியனில், இரவில் விளக்கில்லாமல் ஓரங்கட்டிய லாரியின் பின்பக்கத்தில். புளியமரத்திடம் எடையைச் சொல்லிப் பயனில்லை; கனமான வண்டி கூடுதல் ஆற்றலோடு போய் அதில் இடிக்கும். இருபது, முப்பது டன் லாரிக்கு முன்னால் உங்கள் காரின் கூடுதல் முந்நூறு கிலோ ஒரு பொருட்டே இல்லை. 2016இல் அதே குளோபல் என்கேப் ஏர்பேக் இல்லாத மஹிந்திரா ஸ்கார்ப்பியோவைச் சோதித்தது. லாரியைப் போன்ற சட்டத்தின் மேல் கட்டிய, கிராமத்துப் பெரிய மனிதர்களின் வாகனம். பூஜ்யம். நம் நாட்டின் மிக மெலிந்த காரான நானோவுக்கும் பூஜ்யம், ஸ்கார்ப்பியோவுக்கும் பூஜ்யம், ஜெர்மன் போலோவுக்கும் பூஜ்யம். எடை பார்த்து மதிப்பெண் போடும் வழக்கம் அந்தத் தடுப்புச் சுவருக்கு இல்லை.

அப்படியானால் ஏர்பேக் இருந்தால் போதுமா? போதாது. 2014 நவம்பரில் ஏர்பேக் இல்லாத மாருதி ஸ்விஃப்டுக்கும் டட்சன் கோவுக்கும் பூஜ்யம் வந்தபோது இன்னொன்றும் தெரிந்தது: அவற்றின் கூடே நிலையாக இல்லை. கூடு குலைந்தால் பை விரிந்தும் பெரிதாகப் பயனில்லை. கூடு நின்று, பெல்ட்டும் பையும் இருந்தால்தான் மனிதன் மிஞ்சுவான். ஆகவே கேட்கவேண்டிய கேள்வி ‘போலோ நல்ல வண்டியா’ என்பதல்ல. எந்த வருடத்துப் போலோ, எந்த வேரியன்ட், எத்தனை ஏர்பேக், சோதிக்கப்பட்டது அதுதானா என்பதே. பெயர் ஒன்று, உயிர்க் கணக்கு இரண்டு என்று விற்றது நம் சந்தை. சட்டமும் அவசரப்படவில்லை. ஓட்டுநர் பக்க ஏர்பேக் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஜூலையில்தான், ஏ.பி.எஸ். பிரேக் அதே ஆண்டு ஏப்ரலில். முன்னிருக்கைப் பயணிக்கான ஏர்பேக் எல்லா மாடல்களுக்கும் வந்துசேர 2021ஆம் ஆண்டு முடிந்துவிட்டது. நம் சொந்த பாரத் என்கேப் தொடங்கியது 2023 அக்டோபரில். இன்று சந்தையில் நிற்கும் 2015, 2016 வருடத்து பேஸ் மாடல்களில் பலவற்றில் ஒரு பைகூடக் கிடையாது. அவற்றில் மியூசிக் சிஸ்டமும் அலாய் வீலும் இருக்கும். அதைத்தான் ‘டாப் எண்ட் லுக்’ என்கிறார்கள்.

பை இருக்கிற வண்டியிலும் அது என்ன கதியில் இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். விபத்தில் ஒருமுறை விரிந்த ஏர்பேக்கை மாற்றச் செலவு அதிகம் என்பதால், ஸ்டீயரிங் மூடியை ஒட்டி, எச்சரிக்கை விளக்கை ஏமாற்ற ஒரு ரெசிஸ்டரைச் சொருகி விற்பவர்கள் இருக்கிறார்கள். சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. எரியவே இல்லையென்றால் அதைவிடப் பெரிய கோளாறு. ஏர்பேக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டி பெரும்பாலான கார்களில் தரைமட்டத்தில், கியருக்கு அருகில் இருக்கிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கிய கார்களில் தண்ணீர் ஏறியது அங்கேதான். டிங்கரிங் பார்த்து, சீட் உறை மாற்றி, சென்ட் அடித்த வண்டியின் பானட் முன்போலவே கணீரென்று ஒலிக்கும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை தெரியலாம், யார் இழுக்கிறார்கள்? டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் கோளாறு வரலாற்றிலேயே பெரிய திரும்ப அழைப்பில் முடிந்தது. அதன் வெடிமருந்து வெப்பத்திலும் ஈரக் காற்றிலும் கெட்டு, பை விரியும்போது உலோகச் சில்லுகளைப் பயணியின்மேல் எறியும். வெப்பமும் ஈரக் காற்றும் சென்னைக்குச் சொல்லித் தரவேண்டியவை அல்ல. இந்தியாவில் ஹோண்டாவும் டொயோட்டாவும் இதற்காகக் கார்களைத் திரும்ப அழைத்து இலவசமாகவே மாற்றிக் கொடுத்தன. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, இந்த வண்டிக்கு அது மாற்றப்பட்டதா என்று சர்வீஸ் சென்டரில் கேட்பதற்கு ஒரு போன் போதும். அந்த நேரத்தில் நாம் கிலோமீட்டரைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருக்கிறோம். திருப்பப்பட்ட மீட்டரை.

‘டாக்டர் ஓட்டின வண்டி’ என்ற சொல்லையும் இத்தோடு ஒழித்துவிடலாம். தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய கார்களில் டாக்டர் ஓட்டியவற்றைக் கூட்டினால், நம் ஆஸ்பத்திரிகளில் டாக்டர் பற்றாக்குறை எப்படி வந்தது என்பதே புரியாது. டாக்டர் ஓட்டினால் கிளட்ச் தேயாதா, அவசர கேஸுக்கு அவர் மெதுவாகத்தான் போவாரா? ஒருவர் கையில் இருந்ததா என்பதை ஆர்.சி. சொல்லும், கடன் பாக்கியை ஹைப்பதிகேஷன் சொல்லும், எத்தனை முறை இடித்தார் என்பதை இன்ஷூரன்ஸ் கிளெய்ம் விவரம் சொல்லும், எஞ்சின் எப்படிப் பராமரிக்கப்பட்டது என்பதை சர்வீஸ் ரெக்கார்டு சொல்லும். புரோக்கர் சொல்வது புரோக்கரின் பேச்சு.

இரும்பை நம்பும் இந்த மனசுதான் முன்பக்கம் புல் பார் மாட்டுகிறது. நசுங்கவேண்டிய இடத்தை நசுங்கவிடாமலும் ஏர்பேக் சென்சாரைக் குழப்பியும் வைக்கும் அந்தக் கம்பியை அகற்ற நடவடிக்கை எடுக்கும்படி ஒன்றிய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. கட்சிக் கொடி கட்ட வேறு இடம் இல்லாததாலோ என்னவோ, அது இன்றும் நிற்கிறது. அதே மனசுதான் பெல்ட் போடாமலே அலாரத்தை அடக்க ஒரு போலிக் கொக்கியை வாங்கிச் சொருகியது; அதை விற்ற இணையக் கடைகள்மீது நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் உத்தரவு போடவேண்டி வந்தது. பின்னிருக்கையில் பெல்ட் போடவேண்டும் என்பது சட்டத்தில் பழைய விதி. 2022 செப்டம்பர் 4 அன்று பால்கரில் டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி வந்த மெர்சிடிஸ் பாலச் சுவரில் மோதியது. முன்னிருக்கையில் இருந்த இருவர் பிழைத்தார்கள். பின்னால் இருந்த இருவரும் பெல்ட் அணியவில்லை என்று போலீஸார் தெரிவித்தார்கள், இருவரும் இறந்தார்கள். அதைவிடக் கெட்டியான தகடு, நாலு லட்சத்துக்கு நம் சந்தையில் கிடைக்குமா?

கடைசியாக வரும் ஆட்சேபம், நட்சத்திரமெல்லாம் பணக்காரர் விஷயம் என்பது. உண்மையில் பணம் குறைந்தவருக்குத்தான் இது விஷயம். புதிய கார் வாங்குபவருக்குச் சட்டமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. கையில் இருக்கும் அதே தொகைக்கு பேஸ் மாடலும் இரண்டு வருடம் பழைய ஏர்பேக் மாடலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போது, நம்மவர்கள் முன்னதை ‘வருஷம் புதுசு’ என்று வாங்குகிறார்கள். சோதனை முடிவுகளைப் பார்க்கக் கட்டணம் இல்லை. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. இந்த நிலையிலும் ஆர்.சி.யில் வண்டியின் நிறம் இருக்கிறது, எத்தனை பேர் உட்காரலாம் என்று இருக்கிறது. எத்தனை ஏர்பேக் என்று இல்லை, எத்தனை நட்சத்திரம் என்று இல்லை, திரும்ப அழைக்கப்பட்டதா என்றும் இல்லை. இந்த மூன்றையும் ஆர்.சி.யில் அச்சடிக்கப் போக்குவரத்து அமைச்சகம் உத்தரவிட வேண்டும். அதுவரை, பானட்டைத் தட்டிக்காட்டும் விற்பனையாளரிடம் சேஸிஸ் எண்ணைக் கேளுங்கள். தர மறுத்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.