பெரிய டயர் போட்டால் போதுமா?

மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் ஐந்து ரதத்தைப் பார்க்கிறார்கள். அங்கே நிற்கும் கல் யானையின் முன்னால் படம் எடுத்துக்கொள்கிறார்கள். யானையின் பாதத்தைக் கவனித்தவர்கள் எத்தனை பேர்?

யானையின் உடம்பு பெரிது. பாதமும் பெரிது. அதனால்தான் அவ்வளவு கனமான பிராணி சேற்று நிலத்திலும் நடந்துபோகிறது. குதி உயர்ந்த செருப்போடு கடற்கரை மணலில் நடந்தால் என்ன ஆகிறது? குதி புதைகிறது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டால் புதைவதில்லை. எடை ஒன்றுதான். அது எவ்வளவு இடத்தில் பரவி நிற்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

டயர் விஷயமும் இதேதான். இதைக் கடற்கரைக் குப்பங்களில் டிராக்டர் ஓட்டுகிறவர்கள் நன்றாக அறிவார்கள். படகு கரைக்கு வந்ததும் டிராக்டர் வந்து இழுக்கிறது. பின் டயர் ஆள் மார்பு உயரம். அதில் விரல் பருமனுக்கு மேல் கட்டைகள். இத்தனை பெரிய டயரில் காற்று எவ்வளவு தெரியுமா? பொதுவாக 12 முதல் 16 பவுண்டுதான்! ஒரு சாதாரணக் காரின் டயரில் 30 பவுண்டுக்கு மேல் இருக்கும். லாரி டயரில் 100 பவுண்டையும் தாண்டும்.

பெரிய டயருக்கு அதிகக் காற்று வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. பெரிய டயருக்குள் நிறையக் காற்று இருக்கிறது. ஆனால் அந்தக் காற்றின் அழுத்தம் குறைவாக இருக்கலாம். அளவு வேறு, அழுத்தம் வேறு.

கணக்கு இதோ!

ஒரு லாரிச் சக்கரத்தின் மேல் 2,000 கிலோ எடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். டயருக்குள் காற்றின் அழுத்தம் சதுர செண்டிமீட்டருக்கு 7 கிலோ. அதாவது சுமார் 100 பவுண்டு. 2,000ஐ 7ஆல் வகுத்தால் 286 வருகிறது. டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய 286 சதுர செண்டிமீட்டர். ஒரு சாண் நீளம், ஒரு சாண் அகலம்கூட இல்லை! காற்றைப் பாதியாகக் குறைத்தால் டயர் தரையில் அகலமாகப் பரவும். தொடும் இடம் ஏறக்குறைய இரண்டு பங்காகும். டயர் ரப்பரின் விறைப்பால் இந்தக் கணக்கு கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். ஆனால் மணலில் புதைவதும் புதையாததும் இதில்தான் இருக்கிறது.

இது புது வித்தை அல்ல. 1920-களிலும் 1930-களிலும் பாக்னோல்டு என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி லிபியப் பாலைவனத்தை மோட்டாரில் கடந்தார். டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டுதான் மணல் மேடுகளைத் தாண்டினார். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கர்கள் தரையிலும் தண்ணீரிலும் ஓடும் ஒரு லாரியைக் கொண்டுவந்தார்கள். 1944-ல் நார்மண்டிக் கடற்கரையிலும் அது இறங்கியது. ஓட்டுகிறவர் ஆசனத்தை விட்டு இறங்காமலே டயர்க் காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். மணலுக்கு ஓர் அளவு, ரோட்டுக்கு ஓர் அளவு!

ஆனால் இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கிறது? ஜீப்புகள் வருகின்றன. கம்பெனி கொடுத்த டயரைக் கழற்றிவிட்டு, அதைவிடப் பெரிய டயர் மாட்டியிருக்கிறார்கள். டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. பார்க்க மிடுக்காகத்தான் இருக்கிறது. மிடுக்குக்கு என்ன விலை?

முதலில் வேகம் காட்டும் முள் பொய் சொல்லும். 28 அங்குல உயர டயரை எடுத்துவிட்டு 31 அங்குல டயர் போட்டால், முள் 80 என்று காட்டும்போது வண்டி 88க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்தது பிரேக். சக்கரம் பெரிதானால் அதை நிறுத்த அதிக பலம் வேண்டும். பிரேக்கோ பழைய பிரேக்தான். வண்டியின் உயரம் கூடுகிறது. வளைவில் சாயும் அபாயமும் கூடுகிறது. ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் டயர் உடம்பில் உரசும். டீசல் செலவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் வண்டிகளை வடிவமைக்கும் பெரிய ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களில் படித்தவர்கள் உட்கார்ந்து, எடை, பிரேக், கியர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் டயர் அளவை முடிவு செய்கிறார்கள். அதை ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம் அல்ல. சட்டமும் அதை விரும்பவில்லை. கம்பெனி குறித்துக் கொடுத்ததற்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மணலில் ஓட்டியே ஆகவேண்டிய வேலை உள்ளவர்கள் கம்பெனி டயரிலேயே காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்க்கலாம். ஜீப் டயரில் 15 பவுண்டுக்குக் கீழே போனால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து உண்டு. மெதுவாக ஓட்ட வேண்டும். சட்டென்று திருப்பக்கூடாது. வேலை இல்லாதவர்கள் மணலுக்குள் போகாமல் இருப்பதே மேல். தை, மாசி, பங்குனி மாதங்களில் இந்தக் கரையில் கடலாமை முட்டையிடுகிறது. முட்டை ஒன்றரை அடி ஆழத்தில் மணலுக்குள் கிடக்கும். மேலே இருந்து பார்த்தால் தெரியாது. டயர் ஏறினால் மண் இறுகிவிடும். டயர் போட்ட பள்ளத்தில் விழுந்த குஞ்சு கடலுக்குப் போகவும் முடியாமல் தவிக்கும்.

கருங்கல்லும் டயரும்

இந்த மாவட்டத்தில் பெரிய டயர் உண்மையில் தேவைப்படுவது வேறு இடத்தில். மதுராந்தகம் பக்கத்துக் கல் குவாரிகளில்! சென்னையைச் சுற்றியுள்ள கல் சாதாரணக் கல் அல்ல. பல்லாவரம் மலைக் கல்லுக்கு விஞ்ஞானிகள் சார்னோகைட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கல்கத்தா நகரத்தோடு சம்பந்தப்பட்ட ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறையில் இருந்த கல்லை வைத்து வந்த பெயர் அது. வெடி வைத்து உடைத்த கல்லின் விளிம்பு கத்தி போல இருக்கும். டிப்பர் லாரியின் டயர் தினமும் அதன்மேல்தான் ஏறி இறங்குகிறது.

இங்கே எந்த டயர் வாங்குவது? கட்டை ஆழமாக உள்ள பட்டன் டயர் கல்லைத் தாங்கும். ஆனால் அதே டயரோடு ஜல்லி ஏற்றிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் வேகமாகப் போனால், தடித்த ரப்பருக்குள் சூடு ஏறும். சூடுதான் டயருக்கு எமன். குவாரிக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு ஒரு டயர், ரோட்டில் நெடுந்தூரம் ஓடும் வண்டிக்கு வேறு டயர் என்பதுதான் நியாயம். நைலான் டயரின் பக்கச்சுவர் தடிப்பு. கல் கிழிப்பதைக் கொஞ்சம் பொறுக்கும். இரும்புக் கம்பி போட்ட ரேடியல் டயர் ரோட்டில் சூடேறாமல் ஓடும். இரண்டு வேலையும் செய்கிற லாரிக்காரர், தம் லாரி அதிக நேரம் எங்கே ஓடுகிறது என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். பக்கத்துக் கம்பெனி லாரியில் என்ன மாட்டியிருக்கிறது என்று பார்த்து வாங்கக்கூடாது.

டயரின் பக்கத்தில் ஒற்றையாக மாட்டினால் இத்தனை கிலோ, ஜோடியாக மாட்டினால் இத்தனை கிலோ என்று எழுதியிருக்கும். அதற்கு எவ்வளவு காற்று என்பதும் இருக்கும். எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் அதைப் படிக்கலாம். யார் படிக்கிறார்கள்? 2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் எடை வரம்பை உயர்த்தியது. இரண்டு அச்சு லாரிக்கு 16.2 டன் என்றிருந்தது 18.5 டன் ஆயிற்று. அதில் முன் அச்சுக்கு மட்டும் 7 டன். ஒரு முன் டயரின் பங்கு மூன்றரை டன்! பின்னால் 11.5 டன்னை நான்கு டயர்கள் பகிர்ந்துகொள்கின்றன. ஆக முன் டயர்தான் அதிகம் சுமக்கிறது. அது வெடித்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது. அந்த இடத்தில் பழைய டயரை மாட்டி ஓட்டுகிறவர்கள் ஓட்டுநரின் உயிரோடு விளையாடுகிறார்கள்.

கிளீனர் பையன் இரும்புக் கம்பியால் டயரைத் தட்டிப் பார்ப்பது நம் ஊர் வழக்கம். சத்தத்தை வைத்துக் காற்று இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவான். ஆனால் 70 பவுண்டுக்கும் 100 பவுண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கம்பி சொல்லாது. ஜோடி டயரில் ஒன்றில் காற்று குறைந்தால் அதன் சுமையும் மற்றதன் தலையில் ஏறும். காற்று பார்க்கும் மீட்டர் சில நூறு ரூபாய். லாரி டயர் ஒன்று பல ஆயிரம் ரூபாய். காலையில் வண்டி கிளம்பும் முன்பே பார்க்க வேண்டும். ஓடிச் சூடான பிறகு அழுத்தம் ஏறிக் காட்டும். ஏறிவிட்டதே என்று காற்றைத் திறந்துவிடக்கூடாது; ஆறியபின் குறைந்துபோய்விடும்.

நாற்பது டன்!

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் பஞ்சர் கடையில் இருக்கிறது.

பழைய மாதிரி லாரிச் சக்கரத்தில் டியூப், பிளாப், டயர் மூன்றையும் ரிம்மில் ஏற்றி, மேலே ஓர் இரும்பு வளையத்தை மாட்டுகிறார்கள். அந்த வளையம் ஒன்றுதான் டயரைப் பிடித்து நிறுத்துகிறது. அது துருப்பிடித்திருந்தாலும், சரியாக உட்காராமல் போனாலும் என்ன ஆகும்? பெரிய லாரி டயரின் ஒரு பக்கச்சுவர் ஏறக்குறைய 900 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு என்றால் 90,000 பவுண்டு. அதாவது 40 டன்! எட்டு யானைகளின் எடை அந்தச் சுவரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. முழுவதும் வளையத்தின்மேல் விழுவதில்லை. பாதி விழுந்தால் போதாதா? வளையம் தெறித்தால் குண்டு போலப் பாயும். காற்று அடிக்கிறவன் குனிந்து நிற்கிறான். தலை நேர் எதிரே இருக்கிறது.

சில கடைகளில் வளையம் தரையைப் பார்க்கும்படி சக்கரத்தைக் கவிழ்த்துப் போடுகிறார்கள். அப்போது வெடித்தால் சக்கரமே எகிறும். சங்கிலி சுற்றுவதும், கடப்பாரை செருகுவதும் மனத்திருப்திக்குத்தான்.

வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் 1980-லேயே சட்டம் வந்துவிட்டது. இப்படிப்பட்ட சக்கரத்தை இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்று அடிக்க வேண்டும். வால்வில் தானே கவ்விக்கொள்ளும் கொக்கி வேண்டும். மீட்டர் தூரத்தில், நீண்ட குழாயின் மறுமுனையில் இருக்க வேண்டும். ஆள் ஒதுங்கி நிற்க வேண்டும். காற்று மிகவும் குறைந்த நிலையில் ஓடிய டயருக்கு அப்படியே காற்று அடிக்கக்கூடாது. கழற்றி உள்ளே பார்த்த பிறகுதான் அடிக்க வேண்டும். ஏனென்றால் உள்ளே கம்பி முறிந்திருக்கலாம்.

நம் நாட்டில் டயர் செய்யத் தெரியாதா? மாம்மன் மாப்பிள்ளை 1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். அந்தக் கம்பெனி 1961-ல் டயரில் இறங்கியது. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் அரக்கோணத்திலும் டயர்த் தொழிற்சாலைகள் ஓடுகின்றன. திருநெல்வேலி கங்கைகொண்டானில் செய்த டிராக்டர் டயர் வெளிநாட்டு வயல்களில் உருளுகிறது. டயருக்குப் பேர்போன இந்த மாகாணத்தில், ரோட்டோரப் பஞ்சர் கடைக்காரனுக்கு ஒரு கூண்டு இல்லை என்றால் யார் வெட்கப்பட வேண்டும்?

அவனிடம் பணம் இல்லை என்பது உண்மைதான். ஒரு பஞ்சர் ஒட்டி அவன் வாங்கும் கூலியில் கூண்டு வாங்க முடியாது. ஏனோதானோவென்று வெல்டிங் பட்டறையில் செய்த கூண்டும் ஆபத்தே. ஆகவே டயர்க் கம்பெனிகள் முன்வர வேண்டும். கடைக்கு வெளியே தங்கள் பெயர்ப்பலகையை மாட்டும் கம்பெனி, உள்ளே ஒரு கூண்டையும் வைக்கட்டும். லாரி உரிமையாளர் சங்கங்கள், கூண்டு இல்லாத கடையில் காற்று அடிக்க வேண்டாம் என்று உறுப்பினர்களுக்குச் சொல்லலாம். எப்.சி.க்கு வரும் லாரியில் கட்டையின் ஆழத்தோடு வளையத்தின் துருவையும் அதிகாரிகள் பார்க்கலாம்.

அதுவரை குவாரி லாரி ஓட்டுகிறவரின் வீட்டுப் பெண்கள் ஒன்று செய்யலாம். பஞ்சர் ஒட்டும்போது பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டாம் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லலாம். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளையும் அந்தக் கடை வாசலில் நிற்கவிடக்கூடாது. டயருக்குக் காற்று ஏறுவதைப் பார்க்க பையன்களுக்கு எப்போதுமே ஆசைதான்.